காட்டோடு புல்வெளி விலைக்கு!

மரம் நடுவதற்காகவே நிலம் வாங்கும் குடும்பங்கள்

"விற்பனைக்கு நிலம். மொத்தம் நாலு ஏக்கர். மூன்று ஏக்கர் புல்வெளி, ஒரு ஏக்கர் காடு. மரம் நட ஏற்ற இடம்."

இங்கிலாந்தில் இந்த மாதிரி விளம்பரங்கள் அடிக்கடி வருகின்றன.

நிலம் விலைக்கு வருவது புதுமை அல்ல. உழுது பயிர் செய்ய வாங்குவார்கள். வீடு கட்ட வாங்குவார்கள். சும்மா வாங்கிப் போட்டு, விலை ஏறியதும் விற்கிறவர்களும் உண்டு.

ஆனால் இந்த நிலத்தை வாங்குகிறவர் உழப் போவது இல்லை. வீடு கட்டவும் முடியாது. மரம் நடுவதற்காகவே அவர் பணம் கொடுக்கிறார்!

வாங்குகிறவர்கள் யார்? பிரபுக்களா? கோடீசுவரர்களா?

இல்லை. மாதச் சம்பளக்காரர்கள் வாங்குகிறார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வாங்குகிறார்கள். தனியாக வாங்க வசதி இல்லாவிட்டால் அண்ணனும் தம்பியும் கூட்டாக வாங்குகிறார்கள். சிநேகிதர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்குவதும் உண்டு.

ஏக்கர் நம் ஊருக்குத் தெரிந்த அளவுதான். இங்கிலாந்தில் இருந்து இங்கே வந்த அளவு அது. ஓர் ஏக்கருக்கு 100 சென்ட்.

கூறு போட்டு விற்பனை

பெரிய காடு ஒன்று விலைக்கு வரும். அதை ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கும். பிறகு இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறு போடும். வண்டி போக ஒரு பாதை போடும். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பெயர் வைக்கும். அதன் பிறகு விளம்பரம் செய்யும்.

விவசாயிகளும் விற்கிறார்கள். பண்ணையின் ஒரு மூலையில் சரிவான புல்வெளி இருக்கும். டிராக்டர் ஓட்ட வசதிப்படாது. பக்கத்தில் கொஞ்சம் காடு இருக்கும். அதில் வருமானம் கிடையாது. "இதை வைத்துக் கொண்டு என்ன செய்வது?" என்று விற்றுவிடுகிறார்கள்.

மொத்தமாக வாங்கினால் ஏக்கர் விலை குறைவு. சில்லறையாக வாங்கினால் விலை அதிகம். மளிகைக் கடைக் கணக்குத்தான்! சின்னத் துண்டாக இருந்தால், நல்ல விளைநிலத்தைவிட அதிக விலைக்குப் போகிறது, ஒன்றும் விளையாத இந்தப் புல்வெளி.

விற்கும்போது பத்திரத்தில் சில நிபந்தனைகளையும் எழுதிவிடுவார்கள். மோட்டார் பந்தயம் விடக் கூடாது, பக்கத்து நிலத்துக்காரருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அவை.

வீடு கட்டலாமா?

கட்டக் கூடாது. அரசாங்க அனுமதி இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. அந்த அனுமதி சுலபத்தில் கிடைக்கவும் செய்யாது.

கோடைக் காலத்தில் கூடாரம் அடித்துச் சில நாள் தங்கலாம். அங்கேயே குடித்தனம் நடத்தக் கூடாது. மண்வெட்டியும் அரிவாளும் வைக்க ஒரு கொட்டகை போடுவதற்குக்கூட உள்ளூர் அதிகாரிகளிடம் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

சொந்தக் காட்டில் உள்ள மரத்தை வெட்டலாமா? அதற்கும் கணக்கு உண்டு!

1967-ம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, மூன்று மாதத்துக்கு 5 கன மீட்டர் மரம் வரை அனுமதி இல்லாமல் வெட்டிக் கொள்ளலாம். அதிலும் 2 கன மீட்டருக்கு மேல் விலைக்கு விற்கக் கூடாது. இதற்கு மேல் வெட்டுவது என்றால் லைசென்ஸ் வேண்டும். பருத்த ஓக் மரம் ஒன்றைச் சாய்த்தாலே இந்த அளவு தாண்டிவிடக் கூடும்.

மீறினால் அபராதம். இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பு இப்போது கிடையாது. நீதிபதி எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்!

வீடு கட்ட முடியாது. இஷ்டப்படி மரம் வெட்டவும் முடியாது. பிறகு எதற்காக வாங்குகிறார்கள்?

குளிர்காலத்துக்கு அடுப்பெரிக்க விறகு கிடைக்கும். பிள்ளைகள் ஓடி விளையாட இடம் கிடைக்கும். ஆனால் பலருக்கு இவை இரண்டும் பெரிதல்ல. தன் கையால் ஒரு கன்று நட்டு, அது மரமாவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

நடிகை நட்ட மரங்கள்

ஜூடி டென்ச் என்று ஒரு நடிகை. ஆஸ்கார் பரிசு பெற்றவர். ஜேம்ஸ் பாண்ட் படங்களில் அவனுக்கு மேலதிகாரியாக வந்து அதட்டுவாரே, அவர்தான்.

சரே மாவட்டத்தில் அவருக்கு வீடு இருக்கிறது. உற்ற சிநேகிதர் யாராவது இறந்து போனால், வீட்டைச் சேர்ந்த நிலத்தில் அவர் நினைவாக ஒரு மரம் நடுவது ஜூடி டென்ச்சின் வழக்கம். மரத்துக்கு அந்தச் சிநேகிதரின் பெயர்! 2017-ல் இந்த மரங்களைப் பற்றி ஒரு டெலிவிஷன் படமே வந்தது.

கென்னத் வாட்கின்ஸ் என்பவர் கதை வேறு மாதிரி. டெவன் மாவட்டத்தைச் சேர்ந்தவர். விவசாய எந்திரங்கள் விற்றவர். பழைய காடுகள் ஒவ்வொன்றாக அழிவதைப் பார்த்தார். "விலைக்கு வரும் காட்டை நாமே வாங்கிக் காப்பாற்றினால் என்ன?" என்று யோசித்தார்.

1972-ல் 'உட்லண்ட் டிரஸ்ட்' என்ற சங்கம் பிறந்தது. இன்று அந்தச் சங்கத்தின் வசம் ஆயிரத்துக்கு மேற்பட்ட காடுகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் நடக்கலாம். டிக்கெட் கிடையாது.

காடு எங்கே போயிற்று?

ஒரு காலத்தில் பிரிட்டன் தீவின் பெரும்பகுதி காடாக இருந்தது. மனிதன் வந்தான். வெட்டினான். உழுதான். ஆடு மேய்த்தான். கப்பல் கட்டினான். இரும்பு உருக்கக் கரி சுட்டான்.

20-ம் நூற்றாண்டு பிறந்தபோது நாட்டில் 100 ஏக்கருக்கு 5 ஏக்கர்தான் காடு!

1914-ல் முதலாவது உலக யுத்தம் வந்தது. பதுங்கு குழிகளுக்குப் பலகை வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தில் முட்டுக் கொடுக்கக் கட்டை வேண்டும். வெளிநாட்டில் இருந்து மரம் ஏற்றி வந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் கவிழ்த்தன. அப்போதுதான் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு மரத்தின் அருமை தெரிந்தது.

யுத்தம் முடிந்ததும் 1919-ல் காடு வளர்ப்புக்கு என்றே ஒரு கமிஷன் அமைத்தார்கள். டெவனில் எக்ஸ்போர்டு என்ற இடத்தில் 1919 டிசம்பரில் கமிஷனின் முதல் கன்று நடப்பட்டது. அன்று தொடங்கிய நடவு இன்னும் நிற்கவில்லை. இப்போது பிரிட்டனில் 100 ஏக்கருக்கு சுமார் 13 ஏக்கர் காடு.

இங்கிலாந்தில் மட்டும் இன்னும் குறைவு. 2050-க்குள் 100-க்கு 16.5 பங்கு நிலத்துக்கு மர நிழல் வேண்டும் என்று அரசாங்கம் குறி வைத்திருக்கிறது. மரம் நட முன்வருகிறவர்களுக்கு உதவிப் பணமும் கொடுக்கிறது.

அப்படியானால், மூன்று ஏக்கர் புல்வெளியை வாங்கி அது பூராவும் கன்று நட்டுவிட்டால் நாட்டுக்கு நல்லதுதானே?

அங்கேதான் சிக்கல்!

புல் என்றால் வெறும் புல்லா?

அந்தப் புல்வெளி எத்தனை வயதானது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் பழைய புல்வெளியில் புல் மட்டும் இருக்காது. நூறு, இருநூறு வருடமாக உழாமல், உரம் போடாமல் விட்ட நிலம் அது. மே, ஜூன் மாதங்களில் போய்ப் பார்த்தால் கண் கூசும். மஞ்சள், வெள்ளை, ஊதா, சிவப்பு என்று தரையெல்லாம் பூவாக இருக்கும். சுண்ணாம்பு மண் உள்ள சில இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகளை எண்ணியிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் இடம்!

பூவைத் தேடித் தேனீ வரும். பட்டாம்பூச்சி வரும். பூச்சியைத் தேடிப் பறவை வரும்.

இந்தப் பூக்களுக்கு ஒரு விசித்திர குணம். மண்ணில் சத்து அதிகமானால் இவை மறைந்துவிடும்!

காரணம் இதுதான். சத்துள்ள மண்ணில் முரட்டுப் புல் கொழுத்து வளரும். மென்மையான பூச்செடியை அது நெருக்கி, நிழலில் போட்டுக் கொன்றுவிடும். மண் ஏழையாக இருந்தால் முரட்டுப் புல்லுக்கு வலுக் கிடையாது. பூச்செடி பிழைக்கும்.

ஆகையால் வருடத்துக்கு ஒரு தடவை, பூத்து விதை விழுந்த பிறகு, ஜூலை மாத வாக்கில் புல்லை அறுக்க வேண்டும். அறுத்த புல்லை அங்கேயே போட்டுவிடக் கூடாது. போட்டால் மக்கி எருவாகிவிடும். காயவைத்து அள்ளிக் கொண்டு போய் மாட்டுக்குப் போட வேண்டும். உரம் போட்டால் நல்லது என்று படித்த விவசாயிக்கு இது தலைகீழ்ப் பாடம்!

இதில் உதவிக்கு ஒரு செடி உண்டு. மஞ்சள் பூப் பூக்கும். காய் முற்றிக் காய்ந்ததும், ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும். அதனால் 'எல்லோ ராட்டில்' என்று பெயர். நம் ஊர்க் கிலுகிலுப்பைச் செடி வேறு, இது வேறு. இதன் வேர், பக்கத்தில் உள்ள புல்லின் வேரைப் பிடித்துச் சாற்றை உறிஞ்சும். புல் இளைக்கும். இளைத்த இடத்தில் பூச்செடிகள் தலை தூக்கும். திருடன்தான். ஆனால் புல்வெளிக்காரர்கள் இந்தத் திருடனின் விதையைக் காசு கொடுத்து வாங்கித் தூவுகிறார்கள்.

இத்தகைய பழைய புல்வெளிகள் 1930-களில் நாடெங்கும் இருந்தன. இரண்டாவது உலக யுத்தம் வந்தது. "உணவு வேண்டும், உழு!" என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. புல்வெளிகள் கோதுமை வயல்கள் ஆயின. யுத்தம் முடிந்த பிறகு ரசாயன உரம் வந்து மிச்சத்தையும் முடித்தது.

50 வருடத்துக்குள் 100-க்கு 97 பங்கு அழிந்துவிட்டது. மிஞ்சியது மூன்றே பங்கு!

அந்த மூன்று பங்கில் ஒரு துண்டுதான் விலைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். வாங்கியவர் நல்ல மனிதர். மரத்தின்மேல் ஆசை கொண்டவர். வரிசை பிடித்துக் கன்று நடுகிறார். பத்துப் பதினைந்து வருடத்தில் மரங்கள் கை கோத்து நிழல் பரப்புகின்றன. அடியில் இருந்த பூச்செடிகள் வெயில் இல்லாமல் செத்துப் போகின்றன.

மரத்தை வேறு இடத்திலும் நடலாம். அந்தப் புல்வெளியை மறுபடி உண்டாக்க நூறு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் நடந்த கூத்து

தப்பான இடத்தில் மரம் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

அந்த நாட்டின் வட கோடியில் 'புளோ கண்ட்ரி' என்று ஒரு பிரதேசம். கண்ணுக்கு எட்டிய தூரம் சதுப்பு நிலம். பாசி செத்து, மக்காமல், அடுக்கு அடுக்காகப் பல ஆயிரம் வருடம் சேர்ந்த ஈர மண். பார்ப்பவர்களுக்கு அது பாழ் நிலமாகத் தெரிந்தது.

1980-களில் ஒரு வரிச் சலுகை இருந்தது. மரம் நடச் செய்த செலவை வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம். லண்டன் பணக்காரர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. மேடையில் பாடுகிறவர்கள், ஆட்டக்காரர்கள் என்று பிரபலமானவர்களும் இதில் பணம் போட்டார்கள். நிலத்தை நேரில் பார்க்காதவர்கள் பெயரில் எல்லாம் காடு நடப்பட்டது!

சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். ஊசியிலை மரங்களை நட்டார்கள். ஈரம் வடிந்தது. சதுப்பு நிலப் பறவைகளுக்கு இடம் போயிற்று. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான வருடமாக அடைபட்டுக் கிடந்த கரி, வாயுவாக மாறி வெளியேறத் தொடங்கியது. மரமோ சவலைப் பிள்ளை போல வளர்ந்தது.

பலத்த கண்டனம் எழுந்தது. 1988-ல் நிதி மந்திரி நைகல் லாசன் அந்த வரிச் சலுகையை ஒழித்தார்.

இப்போது அங்கே என்ன நடக்கிறது? நட்ட மரங்களையே வெட்டுகிறார்கள். வெட்டிய வாய்க்கால்களை அடைக்கிறார்கள். சதுப்பு மறுபடி ஊறுகிறது. 2024-ல் புளோ கண்ட்ரியை உலகப் பாரம்பரியச் சொத்து என்று ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அறிவித்தது.

நட்டால் போதுமா?

சரி. புல்வெளி பழையது அல்ல. ஏற்கனவே உழுது, உரம் போட்டு, வெறும் முரட்டுப் புல் மண்டிய நிலம். அங்கே தாராளமாக மரம் நடலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை நடவு காலம். அப்போது மரம் இலை உதிர்த்து உறங்கும். ஒன்று, இரண்டு வயதுக் கன்று. முழ உயரம் இருக்கும். வேரில் மண் இருக்காது. பையில் சுற்றி வரும். வெளியே எடுத்து வைத்தால் குளிர்காற்றில் சிறிது நேரத்தில் வேர் காய்ந்துவிடும். பையில் இருந்து எடுத்தவுடன் குழிக்குள் போக வேண்டும்.

குழி வெட்டுவதுகூட இல்லை. மண்வெட்டியால் தரையை ஒரு கீறு கீறி, நெம்பித் திறந்து, வேரை உள்ளே விட்டு, காலால் மிதித்து மூடுகிறார்கள். பழகிய ஆள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் நட்டுவிடுவார். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே 2 மீட்டர் என்றால், ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் கன்று பிடிக்கும்.

நடுவது சுலபம். பிழைக்க வைப்பதுதான் பாடு.

முதல் பகை புல். மழையில் விழும் தண்ணீரைப் புல் குடித்துவிடும். கன்றுக்குக் கிடைக்காது. மூன்று, நாலு வருடம் வரை கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது முயல். மூன்றாவது மான். இங்கிலாந்தில் ஓநாய் அழிந்து பல நூறு வருடம் ஆகிறது. மானைப் பிடித்துத் தின்ன மிருகம் இல்லை. அது பெருகிவிட்டது. போதாததற்குச் சீனாவில் இருந்து கொண்டு வந்த மண்ட்ஜாக் என்ற குட்டை மானும் பண்ணைகளில் இருந்து தப்பி நாடெங்கும் பரவிவிட்டது. இளங்குருத்து என்றால் அதற்கு உயிர்.

இதற்காகக் கன்றுகளுக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டுகிறார்கள். 1979-ல் கிரகாம் டூலி என்பவர் கண்டுபிடித்த முறை இது. குழாய்க்குள் கன்று பத்திரமாக வளரும். ஆனால் மரம் வளர்ந்த பிறகு குழாயைக் கழற்ற ஆள் வருவது இல்லை! வெயிலில் வெடித்து, துண்டு துண்டாகிக் காட்டில் கிடக்கும் பிளாஸ்டிக்கை இப்போது பொறுக்கிக் கொண்டிருக்கிறார்கள். முன்னே சொன்ன உட்லண்ட் டிரஸ்ட், தன் காடுகளில் இனி இந்தக் குழாய் வேண்டாம் என்று 2021-ல் முடிவு செய்தது.

நாலாவது பகை, சாம்பல் நிற அணில். நம் ஊர் அணிலைப் போல முதுகில் கோடு கிடையாது. உருவத்திலும் பெரியது. 1876-ல் அமெரிக்காவில் இருந்து கொண்டு வந்து அழகுக்காக விட்டார்கள். அழகு காட்டிய அணில் இன்று மரப்பட்டையை உரிக்கிறது. அதுவும் சின்னக் கன்றை அல்ல. பத்து, இருபது வருடம் வளர்ந்த மரத்தை! பட்டையைச் சுற்றி வளைத்து உரித்துவிட்டால் மரம் பட்டுப் போகும். பாட்டனார் நட்டு, அப்பா காத்த மரம் ஒரே கோடையில் போய்விடும்.

நோய்களும் உண்டு. 1970-களில் ஒரு பூஞ்சை நோய் வந்து எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. 2012-ல் ஆஷ் மரத்துக்கு வேறு ஒரு பூஞ்சை வந்துவிட்டது. ஒரே ஜாதி மரமாக நடாதே, கலந்து நடு என்று அதனால்தான் இப்போது சொல்லுகிறார்கள்.

எட்டரை லட்சம் கன்று!

கேம்பிரிட்ஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஏ14 என்று ஒரு நெடுஞ்சாலை. புதிதாக அகலப்படுத்தி 2020-ல் திறந்தார்கள். சாலை ஓரமாக 8 லட்சத்து 60 ஆயிரம் கன்று நட்டார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? ஏறக்குறைய முக்கால் பங்கு செத்துவிட்டது!

மண் சரியில்லை. மழை பொய்த்தது. 2022 ஜூலையில் இங்கிலாந்து அதுவரை காணாத வெயில் அடித்தது. 40 டிகிரியைத் தாண்டியது. மைல் கணக்கில் பிளாஸ்டிக் குழாய் மட்டும் நின்றது. உள்ளே குச்சி! மறுபடியும் வாங்கி மறுபடியும் நட வேண்டி வந்தது.

இதே மாவட்டத்தில், அந்த ரோட்டில் இருந்து சில மைல் தூரத்தில், ஒரு வயல் இருக்கிறது. அங்கே ஒரு கன்றுகூட நடவில்லை. இன்று அது காடு!

நடாமல் வளர்ந்த காடு

'மாங்க்ஸ் உட்' என்பது பல நூறு வருடம் பழமையான காடு. அதை ஒட்டி 10 ஏக்கர் பார்லி வயல் ஒன்று இருந்தது. 1961-ல் கடைசி அறுவடை. அறுத்து, உழுது, அப்படியே விட்டுவிட்டார்கள்.

அங்கே இருந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் டாக்டர் கென்னத் மெல்லன்பி. "மனிதன் கை வைக்காமல் விட்டால் இந்த வயல் காடாகுமா? எத்தனை வருடம் ஆகும்?" என்று பார்க்க ஆசைப்பட்டார். வேலி இல்லை. நடவு இல்லை. தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக் குழாயும் இல்லை. ஆராய்ச்சி என்ற பெயரில் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள்!

முதலில் களை வந்தது. பிறகு முள் வந்தது. பழம் தின்ற பறவைகள் எச்சத்தில் போட்ட விதைகளில் இருந்து முட்செடிகள் முளைத்து வயலை மூடின. பார்ப்பவர்கள் முகம் சுளிக்கும் புதர்க்காடு.

அந்தப் புதருக்குள்தான் ரகசியம் இருந்தது.

பக்கத்துக் காட்டில் 'ஜே' என்ற பறவை உண்டு. காக்கை இனம். சிறகில் நீலப் பட்டை இருக்கும். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளைப் பொறுக்கி, குளிர்காலச் சாப்பாட்டுக்கு என்று மண்ணில் ஒன்று ஒன்றாகப் புதைத்து வைக்கும். ஆயிரக்கணக்கில் புதைக்கும். எல்லாவற்றையும் திரும்பத் தோண்டித் தின்னாது. விட்டுப் போனது முளைத்துவிடும்.

வெட்டவெளியில் முளைத்தால் மான் கடித்துவிடும். முள்ளுக்குள் முளைத்த கன்றின் பக்கம் மான் வாயை வைக்க முடியாது. முள்ளே வேலி! "ஓக் மரத்துக்கு முள்ளே தாய்" என்று இங்கிலாந்துக் காட்டுக்காரர்கள் பழமொழி சொல்வார்கள். அது அங்கே மெய்யாயிற்று. கன்று தலைக்கு மேல் வளர்ந்து, மரமாகி, நிழல் பரப்பியது.

60 வருடத்துக்குப் பிறகு எண்ணிப் பார்த்தார்கள். ஏக்கருக்கு 150-க்கு மேற்பட்ட மரங்கள். அதில் பாதிக்கு மேல் ஓக்! 2021-ல் இந்த ஆராய்ச்சி வெளியானது. நடவுக் கூலி, கன்று விலை, குழாய் விலை எல்லாம் சேர்த்து ஆன செலவு, பூஜ்யம்.

1996-ல் பக்கத்தில் இருந்த 5 ஏக்கர் புல்வெளியையும் இதே மாதிரி விட்டார்கள். அதுவும் முள் மண்டி, இடையிடையே ஓக் கிளம்பிக் கொண்டிருக்கிறது.

இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது. ரோட்டு ஓரத்தில் பலிக்காது. விதை கொடுக்கப் பழைய காடு பக்கத்தில் இருக்க வேண்டும். விதை தூக்கப் பறவை அந்தக் காட்டில் இருக்க வேண்டும். ஒரு காட்டில் இருந்து நூறு, இருநூறு அடி தூரத்துக்குள் நன்றாக முளைக்கிறது. தூரம் போகப் போகக் குறைகிறது.

நாலு ஏக்கர் விளம்பரத்தில் "ஒரு ஏக்கர் காடு" என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறதே, அதன் விலை இப்போது புரியும்! வாங்குகிறவர்கள் புல்வெளியில் கன்று நட எவ்வளவு இடம் என்று அளக்கிறார்கள். காட்டின் வயது என்ன என்று கேட்கிறவர்கள் குறைவு. இங்கிலாந்தில் 1600-ம் வருடத்துக்கு முன்பிருந்தே காடாக உள்ள இடத்துக்குப் 'புராதனக் காடு' என்று பெயர். ஏப்ரல், மே மாதத்தில் தரையெல்லாம் நீலமணிப் பூ கொட்டிக் கிடந்தால், அது அத்தகைய காடாக இருக்கலாம் என்று ஊகித்துக் கொள்ளலாம்.

விவரம் தெரிந்த குடும்பங்கள் வாங்கியவுடன் மண்வெட்டியைத் தூக்குவது இல்லை. முதல் வருடம் சும்மா சுற்றிப் பார்க்கிறார்கள். எந்த மாதம் எந்தப் பூ பூக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, மான் எந்த வழியாக வருகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொள்ளுகிறார்கள். பூ உள்ள பக்கத்தைப் புல்வெளியாகவே விட்டுவிடுகிறார்கள். காட்டை ஒட்டிய ஓரத்தில் முள் வளரட்டும் என்று அறுக்காமல் ஒரு பட்டை விடுகிறார்கள். காட்டில் இருந்து தள்ளி, பூவும் இல்லாத மூலையில், பிள்ளைகள் கையால் சில கன்றுகள் நடுகிறார்கள்.

அதுவும் நவம்பருக்குப் பிறகுதான். அதற்கு முன்னால், முதல் கோடையில், அவர்கள் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. ஜூலை மாதம் புல்லை அறுத்து, காயவைத்து, பக்கத்துப் பண்ணைக்காரர் மாட்டுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள்.